மேலே பிடிக்கிற ஆள்

விழுப்புரம்
6.5.2025

அண்ணா,

சங்கவியின் கல்யாணப் பத்திரிகை இன்று தபாலில் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய உறை, ஐந்து ரூபாய் தபால்தலை, என் பெயருக்கு முன்னால் 'முனைவர்'. விலாசம் உன் கையெழுத்து. உள்ளே பத்திரிகையைத் தவிர ஒரு வரி இல்லை.

திண்டிவனத்திலிருந்து இங்கே வர ஒரு மணி நேரம்கூட ஆகாது. பம்பாயில் இருக்கும் ஒன்றுவிட்ட உறவுக்குத்தான் பத்திரிகையைத் தபாலில் அனுப்புவார்கள். பெண்ணின் அத்தைக்கு வீட்டுக்கு வந்து தட்டில் வைத்துக் கொடுப்பது வழக்கம். எனக்கு இந்த வழக்கங்களில் பெரிய நம்பிக்கை இல்லை. உனக்கு உண்டு. அதனால்தான் நீ மறந்துபோய் இப்படிச் செய்யவில்லை என்று தெரிகிறது. இரண்டு மாதமாக நீ என் போனையும் எடுப்பதில்லை. எனவே நானும் தபாலிலேயே எழுதுகிறேன்.

காரணம் பிப்ரவரி 28 என்று நினைக்கிறேன். அறிவியல் நாளுக்கு உங்கள் ஊரில் பேச வந்தேன். பூமியிலிருந்து விண்வெளி வரை ஒரு கயிறு கட்டி, ராக்கெட் இல்லாமல் லிப்ட் மாதிரி அதில் ஏறிப் போக முடியுமா என்பது தலைப்பு. மூன்றாம் வரிசையில் நீ இருந்தாய். கேள்வி நேரத்தில் எழுந்து, "கயித்த மேல யாரு புட்சிக்கினு இருப்பாங்க?" என்று கேட்டாய். கூட்டம் சிரித்தது. நான் மைக்கில், "உங்க பேரு?" என்று கேட்டேன். நீ, "ஜெகதீசன். மோட்டார் எறக்குறவன்" என்றாய். "யாரும் பிடிக்க வேண்டியதில்லை, அடுத்த கேள்வி" என்றேன். நான் மேடையிலிருந்து இறங்குவதற்குள் நீ போய்விட்டிருந்தாய்.

கேள்வி கேட்பவர்களிடம் பெயர் கேட்பது என் வகுப்பறைப் பழக்கம். இருபது வருஷமாக அப்படித்தான். வேறொன்றும் இல்லை.

அந்தப் பேச்சைச் சிறு புத்தகமாகப் போடுகிறார்கள். அச்சுக்குப் போகுமுன் திருத்துவதற்காகக் கொடுத்த படியில் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கேள்வி பதினோராம் பக்கத்தில் இருக்கிறது.

கல்யாணத்துக்கு நான் வர வேண்டும் என்று நினைக்கிறாயா? தபாலில் வந்த அழைப்புக்கு எப்படிக் கிளம்பி வருவது என்று எனக்குத் தெரியவில்லை.

புனிதா


திண்டிவனம்
10.5.2025

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நலம். நலமறிய ஆவல். எழுத உட்கார்ந்தால் எனக்குப் பத்தாவது பரீட்சைத் தாள் மாதிரிதான் வரும், பொறுத்துக்கொள்.

வெயிலில் எல்லா ஆழ்துளைக் கிணற்றிலும் தண்ணீர் கீழே போய்விட்டது. போன வாரம் மட்டும் ஒன்பது இடத்தில் மோட்டாரைத் தூக்கி, இன்னும் ஆழத்தில் இறக்கினோம். அதனால்தான் நேரில் வரவில்லை என்று எழுதினேன். உன் அண்ணி பின்னால் நின்று படித்துவிட்டு, "பொய்ய எழுதி அதுக்கு ஸ்டாம்பு வேற ஒட்டணுமா?" என்கிறாள். சரி. அது பொய். வேண்டுமென்றுதான் தபாலில் போட்டேன்.

பழக்கம் என்று எழுதியிருக்கிறாய். உனக்குப் பேர் வைத்த அன்று, காதில் பேர் சொல்ல வேண்டிய அத்தை வந்த பஸ் செஞ்சி ரோட்டில் நின்றுபோய்விட்டது. நேரம் தவறுகிறது என்று ஆறு வயதுப் பையனான என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார் அப்பா. புனிதா, புனிதா, புனிதா என்று மூன்று தரம் உன் காதில் சொன்னது நான். நீ என் பேரை மைக்கில் கேட்டாய்.

அன்றைக்கு நான் தனியாக வரவில்லை. என்னோடு வேலை செய்கிற மாசிலாமணியையும் இன்னும் மூன்று பேரையும் கூட்டி வந்தேன். "எந்தங்கச்சி பேசுது, காலேஜ் புரபசர், வந்து கேளுங்கடா" என்று வேலையை நிறுத்திவிட்டுக் கூட்டி வந்தேன். நீ என் பேரைக் கேட்டதும் மாசிலாமணி என் காதருகில் வந்து, "ஏண்ணா, தங்கச்சின்னியே, அது வேற புரபசரா?" என்றான். திரும்பி வரும்போது வண்டியில் நால்வரும் பேசவில்லை. அவர்கள் பேசாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கிண்டல் பண்ணியிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

புத்தகத்தை இரண்டு தரம் படித்தேன். பதினோராம் பக்கத்தில் 'பார்வையாளர் ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார்' என்று இருக்கிறது. நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. தொங்குகிற எதையும் மேலே ஒரு ஆள் பிடிக்க வேண்டும். முப்பது வருஷமாக நான் பிடிக்கிறேன்.

அப்புறம் ஒன்று. ஏழாம் பக்கத்தில் படம் தப்பு. கயிற்றைக் கீழே பருமனாகவும் மேலே போகப் போகச் சன்னமாகவும் போட்டிருக்கிறாய், சர்க்கரை ஆலைப் புகைபோக்கி மாதிரி. தரையில் நிற்கிற சாமானுக்கு அது சரி. இது தொங்குகிற சாமான். தொள்ளாயிரம் அடிக் கிணற்றுக்கு நாற்பத்தைந்து குழாய் இறக்குகிறோம். அடியில் உள்ள குழாய் மோட்டாரை மட்டும் தாங்குகிறது. மேலே கிணற்று வாயில் உள்ள குழாய் மற்ற நாற்பத்து நாலு குழாயையும் மோட்டாரையும் சேர்த்துத் தாங்குகிறது. விட்டுப்போனால் மேலேதான் விட்டுப்போகும். அதனால் கனமான குழாயை மேலேதான் போடுவோம். உன் படத்தில் போட்டபடி கட்டினால் லிப்டில் நீ ஏறாதே.

கல்யாணத்துக்கு வருவது உன் இஷ்டம்.

ஜெகதீசன்


விழுப்புரம்
14.5.2025

அண்ணா,

படம் தப்புதான். உன் கடிதத்தைப் படித்ததும் ஏழாம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஓவியர் வரைந்து தந்ததை நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். என் துறையில் இரண்டு பேர் படித்துப் பார்த்தார்கள். எவர் கண்ணிலும் படவில்லை. உயரமாக ஒன்று என்றால் அடி பெருத்துத்தான் இருக்கும் என்று எல்லார் மனதிலும் ஒரு கோபுரம் நிற்கிறது போல. அச்சகத்துக்குப் போன் செய்து நிறுத்திவிட்டேன்.

ஆனால் நீயும் பாதிதான் சரி. இந்தக் கயிறு மேலே போகப் போகப் பருத்துக்கொண்டே போவதில்லை. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில்தான் அதிகப் பருமன். அதற்கு மேல் மறுபடி சன்னமாகும். அந்த உயரத்தில் ஒரு பொருளை வைத்தால் பூமி சுற்றும் வேகத்துக்கே அதுவும் சுற்றும், நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். அதற்குக் கீழே உள்ள கயிற்றைப் பூமி இழுக்கிறது. மேலே உள்ள பகுதி வெளியே பிய்த்துக்கொண்டு ஓடப் பார்க்கிறது. தண்ணீர் வாளியைக் கையில் பிடித்து வேகமாகச் சுற்றினால் சிந்தாமல் வெளிப்பக்கமாகவே அழுத்துமே, அப்படி. கீழே ஒரு இழுப்பு, மேலே ஒரு இழுப்பு. இரண்டும் சமமாக இருக்கும்வரை கயிறு விறைத்து நிற்கும். உன் கேள்விக்கு அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். பதில் தெரியாமல் இல்லை. சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

முடியுமா என்றால், என் கருத்து இப்போதைக்கு முடியாது என்பதுதான். நல்ல எஃகுக் கம்பியைத் தொங்கவிட்டால் இருபத்தைந்து கிலோமீட்டரில் தன் எடையாலேயே அறுந்துவிடும். இங்கிருந்து உன் வீடுவரைகூட வராது, அவ்வளவுதான். அதைவிட இருநூறு மடங்கு தாங்கும் பொருள் வேண்டும். கார்பனில் மயிரிழையைவிட மெல்லிய குழாய்கள் செய்கிறார்கள், கணக்குப்படி அவை தாங்கும். ஆனால் இதுவரை வளர்த்ததில் மிக நீளமானது ஏறக்குறைய அரை மீட்டர். நமக்குத் தேவை அரை மீட்டர் அல்ல.

'பார்வையாளர் ஒருவர்' என்று எழுதுவது இந்த மாதிரிப் புத்தகங்களின் வழக்கம். 'வேடிக்கையாக' என்பதை எடுத்துவிடுகிறேன்.

பேர் வைத்த கதையை யாரும் எனக்குச் சொன்னதில்லை. பழக்கம் என்று நான் எழுதியதைப் பற்றி இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் எழுத வரவில்லை.

மாசிலாமணியிடம் சொல், அது வேறு புரபசர் இல்லை.

புனிதா


முண்டியம்பாக்கம்
18.5.2025

புனிதா,

இதை ஆஸ்பத்திரி வராண்டாவிலிருந்து எழுதுகிறேன். பயப்படாதே, எனக்கு ஒன்றும் இல்லை. மாசிலாமணிக்கு இரண்டு விரலில் தையல். எலும்பு தப்பியது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளைக் காலை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். நேற்று முன்தினம் பெருமுக்கல் பக்கம் மல்லாட்டைப் பயிர் போட்ட ஒரு கொல்லையில் வேலை. குழாயைக் கிணற்று வாயில் இரண்டு இரும்புப் பிடி போட்டு இறுக்குவோம், அதற்குப் பேர் கிளாம்ப். ஒன்று நன்றாக இறுகிய பிறகுதான் மற்றதைத் தளர்த்தலாம். அதுவரை மேலே சங்கிலியை ஒரு ஆள் பிடித்திருக்க வேண்டும். அன்று மேலே இருந்தது நான். உன் கடிதம் காலையில்தான் வந்திருந்தது, சட்டைப் பையில் இருந்தது. கீழே ஒரு இழுப்பு மேலே ஒரு இழுப்பு என்று எழுதியிருந்தாயே, அதையே நினைத்துக்கினு இருந்தேன். சங்கிலி ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. மாசிலாமணியின் விரல் இரண்டு பிடிக்கும் நடுவில்.

அவன் என்னைத் திட்டவே இல்லை. "வுடுண்ணா, பத்து வெரல்ல ரெண்டு ரெஸ்ட் எடுக்கட்டும்" என்கிறான். வலி தெரியாமல் இருக்க அவனுக்கு உன் புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் என்றதும், "ஏண்ணா, அவ்ளோ குழாய் எந்தக் கடையில வாங்குவாங்க? கடைக்காரன் ஒரு டெம்போகூட ஃப்ரீயா வுட மாட்டானே" என்றான். பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள்.

படிக்கும்போது ஒன்று தோன்றியது. நீ புத்தகம் முழுக்க 'கட்டி எழுப்புவது' என்றே எழுதியிருக்கிறாய். உன் கடிதப்படி பார்த்தால் நடுவில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அங்கே நின்று, கீழே கொஞ்சம் கயிறு விட வேண்டும், அதே அளவுக்கு மேலேயும் விட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அப்படி விட்டு விட்டு, கடைசியில் கீழ் நுனி வந்து தரையைத் தொடும். சரிதானே? அப்படியானால் அது எழுப்புகிற வேலை இல்லை, இறக்குகிற வேலை. என் வேலை.

இங்கிருந்து உன் வீடு பத்து கிலோமீட்டர். நேற்று சாயங்காலம் விழுப்புரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். டிக்கெட் கொடுக்க ஆள் வருவதற்குள் இறங்கிவிட்டேன்.

இந்த இரண்டு நாளாக ஒன்றை யோசிக்கிறேன். ஒரு நொடி கை தளர்ந்தால் என்ன ஆகும் என்று இப்போது எனக்குத் தெரியும். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனாலும் செய்தது நான்தான். அன்றைக்கு உனக்கும் அந்த மாதிரி ஒரு நொடியா? அப்படி என்றால் சொல், நான் இத்தோடு விட்டுவிடுகிறேன். இல்லை என்றாலும் சொல். பழக்கம் என்று மட்டும் எழுதாதே.

ஜெகதீசன்


விழுப்புரம்
22.5.2025

அண்ணா,

ஒரு நொடி என்று எழுதினால் நீ விட்டுவிடுவாய். நேற்று அப்படி எழுதியும் வைத்தேன். கிழித்துவிட்டேன்.

நீ எழுந்து நின்றபோதே பார்த்துவிட்டேன். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாய், சட்டையில் கிரீஸ். முன்வரிசையில் எங்கள் கல்லூரி முதல்வரும் துறைக்காரர்களும் இருந்தார்கள். நீ கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். 'இவர் என் அண்ணன்' என்று சொன்னால் அந்தச் சிரிப்பு என்மேலும் விழும் என்று தோன்றியது. மைக்கைக் கொஞ்சம் சரிசெய்தேன், நினைவிருக்கிறதா? அந்த நேரம் முழுக்க யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் உன் பெயரைக் கேட்டேன். உன் கை தெரியாமல் தளர்ந்தது. நான் தெரிந்தே விட்டேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. இருபது வருஷத்தில் என் துறையில் ஒருவருக்கும் எனக்கு அண்ணன் ஒருவர் இருப்பது தெரியாது. மறைத்தேன் என்று சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. தனியாக இருப்பவளிடம் அதிகம் கேட்க மாட்டார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

உன் கடிதம் நேற்று முன்தினம் கிடைத்தது. நீங்கள் போய்விட்டிருப்பீர்கள் என்று தெரிந்தும் முண்டியம்பாக்கத்துக்குப் போனேன். வார்டில் மாசிலாமணியின் பெயரைச் சொல்லி விசாரித்தேன். நர்ஸ், "பேஷண்டுக்கு நீங்க யாரு?" என்றார். "அவரு கூட இருந்தவரோட தங்கச்சி" என்றேன். "அட, அந்த ஆகாசத்துக்குக் கயிறு எறக்கறவரா? வார்டு முழுக்க கிளாஸ் எடுத்தாருங்க மேடம். ஆறாம் பெட்டுக்காரரு டிஸ்சார்ஜ் ஆவ மாட்டேன்னு அடம் புடிச்சாரு, கதை முடியலைன்னு" என்றார். என் கூட்டத்தில் யாரும் எழுந்து போக மாட்டேன் என்று அடம்பிடித்ததில்லை.

நீ எழுதியது சரி. நடுவில் நின்று இரண்டு பக்கமும் சமமாக விட்டுக்கொண்டே வருவதுதான் முறை. நிபுணர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், நான் பல தரம் படித்திருக்கிறேன். படித்துக்கொண்டே 'எழுப்புவது' என்றும் எழுதியிருக்கிறேன். பதினான்கு இடங்களில் அதை 'இறக்குவது' என்று மாற்றிவிட்டேன். ஏழாம் பக்கத்துக்குப் புதுப் படம் வந்துவிட்டது. பதினோராம் பக்கத்தில் இப்போது இப்படி இருக்கிறது:

'இந்தக் கயிற்றை மேலே யார் பிடித்துக்கொண்டிருப்பார்கள்? இதைக் கேட்டவர் என் அண்ணன் சு. ஜெகதீசன், திண்டிவனத்தில் முப்பது ஆண்டுகளாக ஆழ்துளைக் கிணறுகளில் மோட்டார் இறக்குபவர். விண்தூக்கி பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே. அன்று கூட்டத்தில் நான் இதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை.'

நேற்று இந்தப் பக்கத்தைத் துறையில் எல்லோருக்கும் காட்டினேன். முதல்வர், "உங்களுக்கு அண்ணனா? சொல்லவே இல்லையே" என்றார். "ஆமாம் சார், சொல்லவில்லை" என்றேன்.

முடியுமா என்ற கேள்விக்கு மட்டும் என் பதிலை மாற்றவில்லை. நீ சந்தோஷப்படுவாய் என்பதற்காக அதை மாற்ற முடியாது.

இத்துடன் சங்கவியின் பத்திரிகையைத் திருப்பி அனுப்புகிறேன். கோபத்தில் இல்லை. தபாலில் வந்ததை நான் வைத்துக்கொண்டால் அதுதான் உன் அழைப்பு என்று ஆகிவிடும். பிறகு நான் கல்யாணத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும் அது அப்படியே நின்றுவிடும். எனக்கு அது வேண்டாம். நான் எழுதியதைப் படித்த பிறகு கூப்பிட மனம் வந்தால் கூப்பிடு. வராவிட்டால் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

புனிதா


திண்டிவனம்
27.5.2025

புனிதா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. மைக்கைச் சரிசெய்தாய் என்று எழுதியிருக்கிறாயே, அது எனக்கு நினைவிருக்கிறது. அந்த நேரத்தில், என்னைத் தெரிந்துகொண்டு சிரிக்கப் போகிறாய் என்று நினைத்து நானும் சிரிக்கத் தயாராக நின்றேன். அதனால் வலித்தது. இப்போதும் வலிக்கிறது. ஒரு நொடி என்று எழுதியிருந்தால் நான் விட்டிருப்பேன்தான். ஆனால் நம்பியிருக்க மாட்டேன்.

பத்திரிகை திரும்பி வந்ததை அண்ணி முதலில் பார்த்துவிட்டாள். "பொண்ணோட அத்தை, பத்திரிகையத் திருப்பி அனுப்பிச்சிட்டாங்களே" என்று என்னிடம் ஓடி வந்தாள். பிறகு கடிதத்தைப் படிக்கச் சொன்னேன். படித்து முடித்து, "ரெண்டு பேரும் ஒரே மண்ணுல செஞ்சதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தட்டைப் புளி போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்டது.

பதினோராம் பக்கத்தை மாசிலாமணிக்குப் படித்துக் காட்டினேன். கட்டுப் போட்ட கையோடு கேட்டுக்கினு இருந்தான். "அக்காகிட்ட சொல்லுண்ணா, அடுத்த புக்குல எம் பேரும் வரணும். ரெண்டு வெரலு குடுத்திருக்கேன்" என்கிறான். 'மோட்டார் இறக்குபவர்' என்று அச்சில் வரப்போவதில் அவனுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

கேள்விக்குப் பதில் எழுதிவிட்டாய், ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் மீதி இருக்கிறது. நடுவில் நின்று விட ஆரம்பிக்கிறார்களே, அந்த முதல் ஆள் அங்கே எப்படிப் போய்ச் சேருவான்? அதற்கு ராக்கெட்தானே வேண்டும்? நேரில் சொல்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் நானும் அண்ணியும் வருகிறோம். தட்டு, வெற்றிலை பாக்கு, பூ, பழம் எல்லாம் எடுத்து வருகிறோம். பத்திரிகை அதேதான், புது உறையில் போட்டிருக்கிறேன். அத்தைக்கு என்று எழுதியிருக்கிறேன், முனைவர் போடவில்லை. வேலையை முடித்ததும் என்னைக் குளித்துவிட்டு வரச் சொல்கிறாள் அண்ணி. முடியாது என்றேன். அதிகாலையில் கோலியனூரில் ஒரு கிணறு இருக்கிறது, அதை முடித்துவிட்டு அப்படியே வருவேன். சட்டையில் கிரீஸ் இருக்கும். உன் தெருவில் யாராவது பார்ப்பார்கள்.

கதவைத் திறந்ததும் பேர் கேட்காதே.

ஜெகதீசன்